மறையூர் முக்கில் நின்றவர்கள்

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. அவரோடு உடுமலை மில்லில் ஃபிட்டராக இருந்த யூசுப் பாய். நான், வள்ளியாத்தாள். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே அந்த ஆள். எல்லார் பெயரையும் எழுத வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்: அந்த ஆளின் பெயர் திருமூர்த்தி. முப்பத்தாறு வருஷமாக நான் வாயால் சொல்லாத பெயர்.

இருந்திருக்க வேண்டியவர்கள் இன்னும் இரண்டு பேர். என் அண்ணன் ஆறுச்சாமி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. திருமூர்த்தியின் சம்சாரம் மயிலாத்தாள் போய் இரண்டு வருஷம். அவள் சாவுக்கு நான் போகவில்லை. அன்று எனக்கு முதுகுவலி.

யூசுப் பாய் ஒரு பழைய புல்லட்டைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அவரே பிரித்து மாட்டியதாம். மில்லில் ரிட்டையர் ஆகி, பிறகு பத்து வருஷம் ஒரு அபார்ட்மெண்டில் தண்ணீர் மோட்டார் போட்டுவிடும் வேலை பார்த்து, போன மாதம்தான் அதையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். அவர் அந்த வண்டியின் டேங்கைத் தடவினார் பாருங்கள், பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தடவியதில்லை.

"தங்கச்சி, ஆயுத பூசைக்கு மறுநாள் கெளம்பறோமுங். மறையூரு, காந்தளூரு, அங்கிருந்து மூணாறு. பழைய மாதிரியே" என்றார் யூசுப் பாய்.

"ஆரு ஆரு?"

"நாங்க மூணு பேரு."

"மூணுல ஒண்ணைக் கழிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்றேன், கேட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி.

செப்டம்பர் 11, திங்கள்

கோபத்தோடு சமைத்தேன். ரசத்தில் உப்பு கூடிப்போயிற்று, எனக்கே வாயில் வைக்க முடியவில்லை. அவர் குடித்துவிட்டு "நல்லா இருக்குது புள்ள" என்றார். ஆசை வந்துவிட்டால் ஆம்பளைக்கு நாக்கு செத்துப்போகும்.

செப்டம்பர் 13, புதன்

இந்த நோட்டு பேத்தி விட்டுவிட்டுப் போனது. முன்னால் பத்துப் பக்கம் கணக்குப் போட்டிருக்கிறாள். நான் படித்தது ஐந்தாவது. ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. எழுபத்தொன்பதில் முதல் தரம் தனுஷ்கோடி போனபோது யார் என்ன கலர் சட்டை போட்டிருந்தார்கள் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

ஆயுத பூசைக்கு மில் மூடுவார்கள். நாலு வண்டியையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுநாள் வெளுக்கும்போது கிளம்புவோம். முன்னால் என் அண்ணன் ஆறுச்சாமி. அடுத்து திருமூர்த்தியும் மயிலாத்தாளும். பிறகு யூசுப் பாய். கடைசியில் நாங்கள். பெண்பிள்ளைகள் என்று பார்த்தால் நானும் மயிலாவும்தான். அண்ணிக்கு மாட்டுவண்டியில் ஏறினாலே வாந்தி வரும். யூசுப் பாய் வீட்டம்மா "உங்களுக்கெல்லாம் புத்தி கெட்டுப்போச்சா" என்பதோடு சரி.

எட்டு வருஷம், எட்டு ஊர். மைசூர் ரோட்டில் மயிலா கொய்யாக்காயைப் பல்லால் கடித்துப் பிளந்து, ஓடுகிற வண்டியிலிருந்து ஓடுகிற வண்டிக்கு எறிவாள். நான் பிடிப்பேன். தவறவிட்டதே இல்லை. "புள்ள, உனக்கு உப்பு வேணுமா?" என்று கத்துவாள். அறுபது மைல் வேகத்தில் உப்பை எப்படி எறிவாளாம்! நானும் "வேணுமே வேணும்" என்று கத்துவேன். எங்கள் இரண்டு பேர் சிரிப்பில் வண்டி ஓட்டுகிற இரண்டு பேருக்கும் கோபம் வரும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் இரண்டாவது வண்டி நிற்க வேண்டும். கடைசி வண்டி வந்து, கண்ணால் பார்த்து, இந்தப் பக்கம் என்று கை காட்டுகிற வரைக்கும் நிற்க வேண்டும். மழையோ வெயிலோ, அரை மணியோ அரை நாளோ, நகரக் கூடாது. போன் இல்லாத காலம். அந்தச் சட்டம்தான் எங்களுக்கு உயிர்.

செப்டம்பர் 17, ஞாயிறு

சென்னையிலிருந்து பையன் கனகராஜ் போன் செய்தான். "அம்மா, அப்பாவுக்கு அறுபத்தொம்போது. ஒரு காது வேற கேக்கறதில்லை. நீங்கதான் சொல்லி நிறுத்தோணும்."

என் புருஷனை நிறுத்த வேண்டுமானால் நான் நிறுத்திக்கொள்வேன். சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

ஆனால் காது நிஜம். மில் சத்தத்தில் அவருக்கு வலது காது போய்விட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் தெரியாது. அந்தக் காலத்திலேயே அரைக் காதுதான். அதனால் எங்களுக்குள் கைப்பாஷை உண்டு. வலது தோளில் தட்டினால் வலது, இடது தோளில் தட்டினால் இடது, நடு முதுகில் தட்டினால் நேராக. தொடர்ந்து தட்டினால் பின்னால் பெரிய வண்டி வருகிறது, ஒதுங்கு.

"நீ பின்னாடி இல்லாம நான் போக முடியாது வள்ளி" என்றார். "இது ஒருக்காதான். அடுத்த வருசம் என்ற முட்டி இதுக்கும் ஒத்துவராது."

"அந்த ஆளு வர்ற எடத்துக்கு நான் வரமாட்டேன்."

"அப்ப நானும் போகலை. பாய்கிட்ட வண்டியக் குடுத்தர்றேன்."

கோபமாகச் சொன்னால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு முருங்கைக்காய் நறுக்க உட்கார்ந்தார்.

செப்டம்பர் 20, புதன்

எழுதிவிடுகிறேன். எண்பத்தேழு, ஆயுத பூசைக்கு மறுநாள். ஒன்பதாவது வருஷம், போன வருஷம் போன மறையூர் வழியே மறுபடியும். காந்தளூரில் தங்குவதாக ஏற்பாடு. மறையூர் முக்கில் ஒரு ரோடு காந்தளூருக்கு ஏறும், இன்னொன்று நேரே மூணாறு போகும். அங்கே நிற்க வேண்டியவன் திருமூர்த்தி. எங்கள் வண்டிக்கு டயர் காற்று இறங்கி நாங்கள் முக்கால் மணி பின்தங்கிவிட்டோம். வந்தால் சரியான மழை, பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. முக்கில் யாரும் இல்லை. யாரும் இல்லாததால் இது முக்கில்லை என்று அவர் வண்டியை நேராக விட்டார்.

ஏழாவது மைலில் சறுக்கினோம். தேயிலைச் சரிவில் அவர் கீழே, வண்டி அவர் கால்மேல். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மழையில் உட்கார்ந்திருந்தேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் ஆறு பேர் வந்து தூக்கினார்கள். ஒருத்தி பெயர் ஞானப்பூ. அவள் தன் கம்பளியை அவர்மேல் போட்டாள். அதையும் மறக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் திருமூர்த்தி வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினேன். தெருவே பார்த்தது. திருமூர்த்தி தலை நிமிரவில்லை. மயிலா கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அண்ணன்தான் என் கையைப் பிடித்து, "வா தங்கச்சி, போலாம், போதும்" என்று கூட்டி வந்தான்.

வண்டியை விற்றோம். நாலு வண்டி மூன்றாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று.

அவள் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. ரேஷன் கடையில் அவள் முன்னால் நின்றால் ஒதுங்கி எனக்கு வழிவிடுவாள். நான் அந்த இடத்துக்குப் போகமாட்டேன். நடுவில் ஒரு ஆள் இடம் காலியாகவே கிடக்கும். அவள் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். என் அம்மா செத்தபோது வந்து கடைசியில் நின்றுவிட்டுப் போனாள். பச்சைச் சேலை.

செப்டம்பர் 28, வியாழன்

எனக்குப் பதிலாக அரிசி மூட்டையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு பழகுகிறார். மலை ரோட்டில் தினமும் போய்விட்டு வருகிறார். இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு.

"நான் என்ன அம்பது கிலோவா?" என்றேன்.

"இன்னும் பன்னெண்டு கிலோவுக்கு என்ன கட்டறதுன்னு யோசிச்சிட்டு இருக்கறேன்" என்றார்.

வரமாட்டேன் என்று சொன்ன ஆளுக்கு எதற்குப் பழகுகிறாராம்? கேட்கவில்லை.

அக்டோபர் 2, திங்கள்

முழங்கையில் தோல் உரிந்து வந்தார். வளைவில் மூட்டை வெளிப்பக்கம் இழுத்து வண்டி படுத்துவிட்டதாம். ரோடெல்லாம் அரிசி. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன்.

வளைவில் அவர் சாயும்போது நான் கூடச் சாய்வேன். மூட்டை சாயுமா? எட்டு வருஷம் பின்னால் உட்கார்ந்தது சும்மா உட்கார்ந்தது என்று இந்த ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

"நான் வர்றேன்" என்றேன். "ஆனா அந்த ஆளோட பேசமாட்டேன். நமக்கு முன்னாடி அந்த வண்டி போகக் கூடாது. பின்னாடி வரட்டும்."

"கடைசியிலயா?"

"அன்னிக்கு நாம எங்க இருந்தமோ அங்க."

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூசை

மூன்று வண்டிக்கும் யூசுப் பாய் பட்டறையில் பூசை. யூசுப் பாய்தான் வருஷா வருஷம் எலுமிச்சம்பழம் வாங்கி வருவார், இந்த வருஷமும் அவர்தான். பொட்டு நான் வைத்தேன். மூன்றாவது வண்டிக்கு வைக்க வேண்டாம் என்றுதான் போனேன். அதன் பின்சீட்டில் புது உறை போட்டிருந்தது. உட்கார ஆள் இல்லாத சீட்டுக்கு எதற்குப் புது உறை? வைத்துவிட்டேன். வண்டி என்ன பாவம் செய்தது.

அக்டோபர் 24, செவ்வாய், காந்தளூர்

ராத்திரி எழுதுகிறேன். குளிர்.

காலையில் கிளம்பினோம். செக்போஸ்ட் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் அந்த வாசனை வந்தது. ஈர மண்ணும் பெட்ரோலும் ஏதோ ஒரு பூவும். முப்பத்தாறு வருஷமும் ஒரு மடிப்பாக மடிந்துவிட்டது போல இருந்தது. முதல் வளைவில் அவர் சாய்ந்தார், நான் சாய்ந்தேன். உடம்புக்கு மறக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டேன், யார் பார்க்கப் போகிறார்கள். பக்கத்தில் யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. திரும்பினால் யாரும் இல்லை, மரம்தான்.

யூசுப் பாய் முதலில். நாங்கள் இரண்டாவது. அப்படியானால் மறையூர் முக்கில் நிற்க வேண்டியது நாங்கள். இது எனக்கு அங்கே போய் வண்டி நின்ற பிறகுதான் உறைத்தது. நான் கேட்டு வாங்கிய வரிசை.

பாய் காந்தளூர் ரோட்டில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் நின்றோம். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. மழை பிடித்துக்கொண்டது. திருமூர்த்தி வரவில்லை. போன் அடித்தால் போகவில்லை, காட்டுக்குள் டவர் கிடையாது.

டீக்கடைக்காரரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டதற்கு அவர் சொன்னார்: "அம்மா, நீலக் கோட்டு போட்ட பெரியவரு தானே? நீங்க மழைக்கு ஒதுங்கினப்பவே போயாச்சே. நேரா மூணாறு ரோட்டுல போறதை நானே கண்டேன்."

என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டை எடுத்தார். "வா புள்ள. போனவனைத் தேடிப் போலாம், இல்லாட்டி மேல போயிரலாம். நனைஞ்சுட்டு எதுக்கு?"

"கண்ணால பார்த்தாத்தான் போகோணும். அதானே சட்டம்?"

"கடைக்காரர் பார்த்திருக்காரே."

"நான் பார்க்கலை. அவன் நின்னானாங்? நான் நிக்கறேன். வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

ஆசையினால் நிற்கவில்லை. வன்மத்தினால் நின்றேன், அதை மறைக்கவில்லை. அவர் முட்டி வலியோடு கடைக்குள் உட்கார்ந்தார். நான் வெளியே, முக்கு நடுவில். முதல் அரை மணி சுலபம். அதற்குமேல் ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் ஒரு நியாயம் வருகிறது. போயிருப்பான். கடைக்காரர் பொய் சொல்வாரா. யார் வந்து கேட்கப் போகிறார்கள். மூன்று தரம் என் கால் வண்டிப் பக்கம் போயிற்று. மூன்று தரம் திரும்பி வந்தேன்.

ஒரு மணி பத்து நிமிஷம். அப்புறம் அந்த வண்டி வந்தது. முன்சக்கரம் பஞ்சராகி, தள்ளிக்கொண்டே செக்போஸ்ட் வரைக்கும் திரும்பிப்போய் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மூணாறு ரோட்டில் போன நீலக் கோட்டு யாரோ.

என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயசு இருக்கும். மழையில் கண்ணாடியைக் கழற்றினார்.

முப்பத்தாறு வருஷத்தில் முதல் வார்த்தை பேசினேன். "நாங்க நிக்கறவங்க" என்றேன்.

அவர் கும்பிட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

இதற்காகத்தான் முப்பத்தாறு வருஷம் காத்திருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 25, புதன், காந்தளூர்

விடிந்ததும் யூசுப் பாய் எனக்கு டீ கொண்டுவந்தார். பூண்டுத் தோட்டத்துப் பக்கம் கல்லில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் இன்னும் எழவில்லை.

"தங்கச்சி, நேத்து நீங்க சொன்னது சரியில்லீங்."

"எது சரியில்லை?"

"திருமூர்த்தி அன்னிக்கு நின்னான். அரை மணிக்கு மேல நின்னான். மேல போன ஆறுச்சாமி திரும்பி வந்து அவனைக் கூப்புட்டான். மழை பெருசாகுது, மயிலா நனைஞ்சு நடுங்கறா, வாடான்னான். இவன் மாட்டேன்னான். ரெண்டு தரம் மாட்டேன்னான். ஆறுச்சாமி வண்டிச் சாவியைப் புடுங்கிட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அண்ணனா?"

"'என்ற தங்கச்சி பின்னாடி இருக்கறா. ஒருக்கா பார்த்த வழியை அவ சாகற வரைக்கும் மறக்கமாட்டா, நீ எதுக்குடா காவலு'ன்னான். உங்க ஞாபகத்துமேல அவனுக்கு அத்தனை நம்பிக்கைங்."

டீ ஆறிப்போயிற்று. ஆடை படிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து "வா தங்கச்சி, போலாம்" என்றானே. வீட்டில் அவன் படத்துக்கு மாலை போட்டு மாட்டியிருக்கிறேனே.

நேரே திருமூர்த்தியிடம் போனேன். வண்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் சொல்லலை?"

அவர் பாயைப் பார்த்தார். பிறகு துணியில் கையைத் துடைத்தார். "ஆறுச்சாமி அழுதான் அம்மிணி. தங்கச்சி மூஞ்சியில முழிக்க முடியாதுன்னான். நான் அப்பவும் சொல்லோணும்னுதான் இருந்தேன். மயிலாதான் வேண்டாம்னுட்டா."

"மயிலாவா?"

"'அவளுக்கு இருக்கறது ஒரே அண்ணன். அதைக் கெடுக்காதீங்க. என்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போறா. ஆறுனா அவளே வருவா, அவளுக்கு என்னைய உட்டா ஆரு இருக்கறா'ன்னா." எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "கடைசியில ஆஸ்பத்திரியிலயும் கேட்டேன், சொல்லட்டுமான்னு. 'வேண்டாமுங், வருவா'ன்னா."

நான் போகவில்லை. அவள் செத்த அன்று எனக்கு முதுகு வலிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கொட்டுச் சத்தம் எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று.

அக்டோபர் 26, வியாழன், மூணாறு

வருகிற வழியில் தேயிலைச் சரிவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மற்ற இரண்டு வண்டியும் தள்ளிப் போய் நின்றன.

"ஏனுங், அன்னிக்கு முக்குல நீங்களாவா நேரா விட்டீங்க?"

அவர் ஹெல்மெட் வாரை இறுக்கினார்.

அவராக விடவில்லை. மழையில் என் கண்ணுக்கு அந்த முக்கு முக்காகத் தெரியவில்லை. போன வருஷம் வந்த இடம்தான், இன்னும் தள்ளி இருக்கிறது என்று நிச்சயமாக நினைத்தேன். அவர் வண்டியை மெதுவாக்கித் தயங்கினார். நான் நடு முதுகில் தட்டினேன். இரண்டு தரம் தட்டினேன்.

"இத்தனை வருசத்துல ஒருத்தர்கிட்டயும் நீங்க சொல்லலையே."

"ஹேண்டில் நான்தானே புடிச்சிருந்தேன்" என்றார். "இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது. ஏறு, குளுருது."

ஏறினேன்.

இப்போது லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் ஆறுச்சாமியை மன்னித்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி, சின்ன வயசிலும் அப்படித்தான், அடி வாங்குவதற்கு என்னைத்தான் முன்னால் விடுவான். மாலையை எடுக்கமாட்டேன். புது மாலைதான் இனிமேல் கொஞ்ச நாளைக்குப் போடமாட்டேன். யூசுப் பாயை மன்னித்தேன், தாமதமாகவாவது சொன்னார். திருமூர்த்தி அண்ணனிடம் நானே போய், "அண்ணா, நாளைக்கு நீங்க ரெண்டாவது வாங்க, நாங்க கடைசியில வர்றோம்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரரை மன்னிக்க ஒன்றும் இல்லை. நேரா என்று தட்டியவளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளோடுதான் நான் தினமும் இருக்க வேண்டும், அதனால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒருத்தியை விடமாட்டேன். இரண்டு தெரு தள்ளி முப்பத்துநாலு வருஷம் இருந்தாள். ஒரு நாள் வந்து என் கதவை உதைத்து, அடியே கூறுகெட்டவளே என்று என் மயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம். ரேஷன் கடையில் வழிவிடாமல் முட்டி மோதியிருக்கலாம். பத்திரிகையை ஜன்னலில் வைக்காமல் என் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். நான் பிடித்திருப்பேன். வருவா, வருவா என்று உட்கார்ந்திருந்தாளாம். என்னை அத்தனை நல்லவளாக நினைக்கச் சொன்னது யார்? நான் எப்படிப்பட்டவள் என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத் தெரியும், அவளுக்கே தெரியாமல் போயிற்றா?

யாரை மன்னித்தாலும் அவளை மன்னிக்கமாட்டேன். மயிலாத்தாளை.